எவரும் தேராத இடம்

மனிதன் காரணமின்றி ஓரிடத்துக்குச் செல்வதில்லை. திருவிழாவுக்குச் செல்கிறான், வழக்குக்குச் செல்கிறான், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் செல்கிறான். ஒன்றுமில்லாதபோது காற்று வாங்கவாவது கடற்கரைக்குச் செல்கிறான். இக்காரணங்கள் அனைத்தும் முன்னரே பாதை விழுந்த இடங்களை நோக்கியே அவனை இழுத்துச் செல்வதால், அறுபது ஆண்டு ஒரே ஜில்லாவில் வாழ்ந்த ஒருவருடைய காலடி பட்ட நிலத்தையெல்லாம் வரைபடத்தின் மேல் மையிட்டுப் பார்த்தால், சில மெல்லிய கோடுகளும் அவற்றின் முடிச்சுகளில் சில புள்ளிகளுமே தென்படும். எஞ்சிய பரப்பு முழுவதும், அவர் பிறந்து வளர்ந்த ஜில்லாவே ஆயினும், அவருக்கு அந்நிய தேசந்தான். அந்த எஞ்சிய பரப்புக்குள் காலெடுத்து வைப்பதற்கு ஒரு காரணத்தைச் செயற்கையாகவேனும் உண்டாக்கித் தருவது எப்படி என்னும் கேள்விக்கு, 2008-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், அமெரிக்கச் சித்திரக்காரர் ஒருவர் வெளியிட்ட படமொன்று விடையாக அமைந்தது.

ராண்டல் மன்ரோ என்பது அவர் பெயர். பௌதிகம் பயின்று, நாசாவின் ஆய்வுக்கூடம் ஒன்றில் யந்திர மனிதர்களைப் பற்றிய வேலையில் சிறிது காலம் இருந்து, பின்னர் குச்சிக் கைகால்களையுடைய உருவங்களை வரைவதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர் அவர். ‘எக்ஸ்கேசிடி’ என்னும் அவருடைய சித்திர வரிசையில் 426-ஆவதாக வந்த அந்தப் படத்தில் கதையும் இல்லை, பாத்திரங்களின் உரையாடலும் இல்லை. ஒரு நாளைக்கு ஓரிடத்தைக் கணித்தெடுக்கும் முறை மட்டுமே படிப்படியாக வரையப்பட்டிருந்தது. ‘ஜியோஹாஷிங்’ என்று அவர் அதற்குப் பெயரிட்டார். அதே ஆண்டில் சற்று முன்னதாக, ஓரிடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளைச் சில எழுத்துகளாகச் சுருக்கி எழுதுவதற்கென ‘ஜியோஹாஷ்’ என்ற பெயரிலேயே வேறொரு முறை பிறந்திருந்தது. பெயர் ஒத்திருப்பதைக் கண்டு இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை.

மன்ரோவின் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தப் பொழுதுபோக்கின் அழகும் அறமும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கின்றன. பூமியின் மேற்பரப்பை அட்சரேகையில் ஒரு பாகை, தீர்க்கரேகையில் ஒரு பாகை என்ற அளவில் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். தென்வடலாக ஒரு கட்டத்தின் நீளம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்கான அகலம் பூமத்திய ரேகையருகே அதே அளவாக இருந்து, துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்து, லண்டன் மாநகரம் இருக்கும் அட்சரேகையில் 70 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவாக ஆகிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு புள்ளி. அப்புள்ளியை நிர்ணயிக்க அன்றைய தேதியையும், நியூயார்க் பங்குச் சந்தை திறக்கும்போது டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் காட்டும் தொகையையும் ஒரு சிறு கோட்டால் இணைத்து எழுதி, எம்.டி.5 என்னும் கணித முறைக்குள் இடுகிறார்கள். ரொனால்ட் ரிவெஸ்ட் என்னும் கணிப்பொறி அறிஞர் 1991-ல் வகுத்த அம்முறை ஒரு மாவு யந்திரம் போன்றது: உள்ளே எதைப் போட்டாலும் 32 இலக்கங்கள் கொண்ட ஒரே அளவான மாவாக அரைத்துத் தரும்; அரைத்த மாவைக் கொண்டு போட்ட தானியம் இன்னதென்று கண்டுபிடிப்பது இயலாது; தானியத்தில் ஒரு மணி மாறினாலும் மாவு முழுவதும் வேறாகிவிடும். வெளிவந்த 32 இலக்கங்களை இரண்டாகப் பிளந்து, முற்பாதியை அட்சரேகையின் புள்ளிக்குப் பின்வரும் பின்னமாகவும், பிற்பாதியைத் தீர்க்கரேகையின் பின்னமாகவும் வைத்தால் இடம் கிடைத்துவிடுகிறது.

மன்ரோ தம் படத்திலேயே ஓர் உதாரணம் காட்டியிருக்கிறார். 2005 மே 26 என்னும் தேதியும், 10458.68 என்னும் சந்தைத் தொகையும் சேர்ந்து அரைபட்டபோது, அட்சரேகை 37-ம் மேற்குத் தீர்க்கரேகை 122-ம் கொண்ட கட்டத்துக்கு 37.857713, 122.544543 என்னும் இடம் கிடைத்தது. அது சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் கோல்டன் கேட் பாலத்துக்கு வடமேற்கே உள்ள மலைப்பாங்கான பிரதேசம். அன்று சந்தை 0.01 கூடுதலாகத் திறந்திருந்தால், அந்தப் புள்ளி ஐம்பது மைல் தள்ளி ஏதேனும் ஒரு தோட்டத்திலோ கடலின் நடுவிலோ விழுந்திருக்கக்கூடும்.

பங்குச் சந்தையை இதற்குள் கொண்டுவந்தது ஏன் என்று வாசகர் கேட்கலாம். தேதியை மட்டும் கொண்டு கணித்திருந்தால், இன்னும் பத்தாண்டு கழித்து வரும் ஒரு நாளின் இடத்தையும் இன்றே கணித்துவிடலாம். கணித்தவர் அங்கே முன்கூட்டிச் சென்று எதையேனும் செய்துவைக்கலாம், அல்லது தமக்கு உகந்த நாளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். நாளைய சந்தை எந்தத் தொகையில் திறக்கும் என்பதை அதில் கோடி கோடியாகப் பணம் போட்டிருப்பவர்களாலும் காசுக்குக் காசு சரியாகச் சொல்ல முடியாது. எனவே அந்த எண் எவருக்கும் முன்னால் தெரியாதது. ஆயினும் வெளிவந்த கணத்தில் உலகத்தார் அனைவருக்கும் ஒருசேரத் தெரிவது. இவ்விரண்டு குணங்களும் ஒன்றாகப் பொருந்திய எண்கள் உலகில் மிகச் சிலவே.

இதில் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. நியூயார்க்கில் காலை 9.30 மணிக்குச் சந்தை திறக்கும்போது கீழை நாடுகளில் அந்த நாள் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஜப்பானியர் ஒருவர் தம் இடத்தை அறியும்போது நள்ளிரவை நெருங்கிவிடும். ஆகவே, தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே, மேற்குத் தீர்க்கரேகை 30-க்குக் கிழக்கே உள்ள நாடுகளெல்லாம் முந்திய நாளின் தொகையைக் கொண்டே கணிக்க வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டார்கள். அவ்விதியின்படி நம் நாட்டில் நாளைய இடம் இன்று மாலையே தெரிந்துவிடுகிறது: அமெரிக்கர் கோடையில் தம் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைத்திருக்கும் மாதங்களில் நமது 7 மணிக்கு, மற்ற மாதங்களில் 8 மணிக்கு. சனி, ஞாயிறுகளில் சந்தை இல்லாமையால் வெள்ளிக்கிழமைத் தொகையே அந்நாட்களுக்கும் செல்லுபடியாகும். வாரக் கடைசியில் ஓய்வுள்ளவர்கள் ஓரிரு நாள் முன்னதாகவே பிரயாண ஏற்பாடு செய்துகொள்ள இது வசதியாக அமைந்தது. சனிக்கிழமை மாலை 4 மணி, அவரவர் கட்டத்தின் புள்ளியில் கூடுவதற்குரிய பொது நேரம் என்று வழக்கமாயிற்று.

தற்செயலை நம்பி ஒரு பொதுக் காரியத்தை ஒப்படைப்பது நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கும்போது, குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுப்பவன் உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனாக இருக்க வேண்டும் என்று விதித்திருப்பதைக் காண்கிறோம். அந்தச் சிறுவனுக்குப் பட்சபாதம் இல்லை. ஆகையால் அவன் கை எடுத்த ஓலையைப் பற்றி ஊரார் எவரும் முறையிட இடமில்லை. மன்ரோவின் கணக்கில் எம்.டி.5 அந்தச் சிறுவனின் ஸ்தானத்தில் நிற்கிறது. இந்தக் கணித முறையில் ஒரே மாவைத் தரும் இருவேறு தானியங்களை வேண்டுமென்றே தயாரிக்கலாம் என்று 2004-ல் சீன அறிஞர்கள் காட்டிய பிறகு, ரகசியங்களைக் காக்கும் வேலைக்கு அது தகுதியற்றதாகிவிட்டது. ஆனால் சந்தைத் தொகையை எவரும் தம் விருப்பம்போல் மாற்றிவிட முடியாது என்பதால், ஓலையெடுக்கும் இந்த வேலைக்கு அந்தக் குறை தடையாகவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு முன்னோர் உண்டு. 1920-களில் ஆந்த்ரே பிரெத்தோன் முதலிய நான்கு பிரெஞ்சு சர்ரியலிஸ்டுகள், வரைபடத்தில் குருட்டாம்போக்கில் பொறுக்கிய புளுவா என்னும் ஊரிலிருந்து இலக்கின்றிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். அம்முயற்சி சோர்விலும் மனக்கசப்பிலும் முடிந்தது. பாரிஸ் நகரத் தெருக்களில் அலைவதையே ஓர் ஆராய்ச்சி முறையாக வகுத்த கீ தெபோர், 1956-ல் வெளியான தமது கட்டுரையில் அந்த நால்வரையும் நினைவுகூர்ந்து, திறந்த வெளியில் அலைவது மனத்தைச் சோர்வுறுத்துவது என்றும், அங்கே தற்செயலின் கைவரிசைக்கு இடம் மிகக் குறைவு என்றும் தீர்ப்பளித்தார். அவருக்கு நகரமே உலகம். தெரு மாறினால் மனநிலை மாறுகிறது என்பதைக் கூர்ந்து கண்ட அந்த அறிஞர், வயல் மாறினாலும் மனநிலை மாறும் என்பதைக் காணத் தவறியதற்கு அவர் நகரத்திலேயே ஊறியவர் என்பதன்றி வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. மேலும், அந்த நால்வர் புறப்பட்ட ஊரைத்தான் தற்செயல் குறித்தது. போய்ச் சேர வேண்டிய இடம் அவர்களுக்கு இல்லை. சேருமிடமின்றி நடப்பவனுக்கு இரண்டாம் நாளே கால் வலிப்பதும், மூன்றாம் நாள் தோழனோடு சண்டை மூள்வதும் இயற்கை. ஜியோஹாஷிங்கில் புறப்படும் இடம் அவரவர் வீடு. சேருமிடத்தைத்தான் தற்செயல் குறிக்கிறது. இந்தச் சிறு மாற்றம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

மற்றொரு முன்னோடி அமெரிக்க மண்ணிலேயே தோன்றியது. 1996-ல் அலெக்ஸ் ஜாரெட் என்பவர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வடக்கு 43 பாகையும் மேற்கு 72 பாகையும் சந்திக்கும் இடத்தைத் தேடிச் சென்றதிலிருந்து, பின்னமில்லாத முழுப் பாகைக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துப் படமெடுத்துச் சேர்க்கும் திட்டம் ஒன்று வளர்ந்தது. அத்தகைய சந்திப்புகள் இரு துருவங்களையும் சேர்த்து உலகில் மொத்தம் 64,442. பெரும்பாலானவை கடலில் கிடக்கின்றன. நம் பக்கத்தில் 13-ம் 80-ம் சந்திப்பது ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில். 10-ம் 78-ம் சந்திப்பது மதுரைக்கு வடமேற்கே, சோழவந்தானை ஒட்டிய பகுதியில். 11-ம் 77-ம் சந்திப்பது கோயம்புத்தூர் நகரத்துக்குள்ளேயே. இக்கோடுகளுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலியை விரித்து, ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியதுதான் இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த மாபெரும் சர்வேயின் ஆரம்பம். அன்று பல மாதம் உழைத்துக் கண்ட நுட்பத்தை, இன்று சட்டைப்பைக்குள் இருக்கும் கைப்பேசி ஒரு நொடியில் சில மீட்டர் பிழைக்குள் சொல்லிவிடுகிறது.

அந்த வசதி சாமானியர் கைக்கு வந்த நாளும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்க அரசு தன் செயற்கைக் கோள்களின் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. நூறு மீட்டர் வரை தடுமாறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் பன்மடங்கு திருத்தமாயின. மே 3-ஆம் நாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளிக்குள் சில பொருள்களை வைத்து மறைத்து, இடத்தின் எண்களை வெளியிட்டு, கண்டுபிடிக்கும்படி பிறரை அழைத்தார். ஜியோகாஷிங் என்னும் புதையல் தேடும் விளையாட்டு இவ்வாறு பிறந்தது. அது மிகப் பெரிதாக வளர்ந்தது. ஆனால் அதில் ஒருவர் மறைத்துவைத்ததை மற்றொருவர் எடுக்கிறார். அந்த இடத்தை எவரோ தேர்ந்திருக்கிறார். பாகைச் சந்திப்புகளை எவரும் தேரவில்லை என்றாலும் அவை மாறாதவை, எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஜியோஹாஷிங் காட்டும் இடத்தை எவரும் தேரவில்லை, அங்கு எதுவும் மறைக்கப்படவில்லை, நாளை அது வேறிடத்துக்குப் போய்விடும்.

இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. ஒரு நிலப்பரப்பைப் பற்றிய நம் அபிப்பிராயம், பார்க்கத் தகுந்தவை என்று பிறர் பொறுக்கி வைத்தவற்றால் ஆனது. கோபுரம், அருவி, அணை, கோட்டை என்று எண்ணிச் சொல்கிறோம். இவை நிலத்தின் ஆபரணங்கள், நிலம் அல்ல. ஆபரணத்தை மட்டும் பார்த்து ஆளை அறிந்துவிட்டதாக எண்ணுவது போன்றதே நம் சுற்றுலா. நிலத்தை அறிய வேண்டுமானால் பொறுக்கும் வேலையை நம் கையிலிருந்து பிடுங்கி, விருப்பு வெறுப்பற்ற ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

புள்ளியியல் சாஸ்திரம் இந்த உண்மையை ஜியோஹாஷிங்குக்கு வெகு காலம் முன்பே கண்டுகொண்டது. கண்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் நம் நாட்டவர். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிராகும் பரப்பை மதிப்பிடும் வேலையை மேற்கொண்டபோது, ஒவ்வொரு வயலையும் எண்ணாமல், வரைபடத்தின் மேல் தற்செயலாக விழும் சிறு சதுரங்களைக் குறித்து, அந்தந்த இடத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் செய்தார். சேறும் கால்வாயும் குறுக்கிட்டாலும் சதுரம் விழுந்த இடத்துக்கே போயாக வேண்டும். பாதையோரத்து வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மாகாணம் முழுவதும் பாதையோரத்து வயல் போலவே இருப்பதாகக் கணக்கு வந்துவிடும். விளைச்சலை அளக்க மிகச் சிறிய துண்டுகளை அறுத்து எடை போட்டபோது, உண்மையைவிட மிகுதியான தொகை வருவதையும் அவர் கண்டார். துண்டின் எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்னும் ஐயம் வரும்போது, மனிதக் கை அறியாமலே உள்ளே சேர்த்துவிடுகிறது. துண்டு சிறியதாகச் சிறியதாக எல்லைச் செடிகளின் விகிதம் கூடுகிறது. நல்லெண்ணமும் நேர்மையும் உள்ளவனுடைய கண்கூட நல்ல கதிரை நாடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரத்தியட்சப் பிரமாணம் கிடைப்பது அரிது.

அந்தச் சணல் வயல்களுக்குச் சென்ற ஊழியர்கள் சம்பளத்துக்குச் சென்றார்கள். ஜியோஹாஷிங் அன்பர்கள் சொந்தச் செலவில் செல்கிறார்கள். செய்யும் காரியம் ஒன்றே. சென்று வந்தவர்கள் எழுதிவைக்கும் குறிப்புகளில் அதிசயங்கள் அதிகமில்லை. உழுத வயலின் நடு, கிடங்குகளின் பின்புறத்துப் புல்வெளி, நெடுஞ்சாலையின் சரிவு, பைன் மரக்காட்டில் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே உள்ள வெற்றிடம், இவையே மிகுதி. இடத்தை அடைந்ததற்குச் சாட்சியாகக் கருவியின் எண்களைப் படமெடுத்து, கூடவே தம் முகத்தையும் படமெடுத்துக்கொள்கிறார்கள்; அந்த முகத்தில் மலரும் சிரிப்பை ‘அசட்டுச் சிரிப்பு’ என்றே தம்முள் வழங்குகிறார்கள். அந்தச் சிரிப்பில் அசட்டுத்தனத்தை நான் காணவில்லை. ஒரு பயனும் கருதாமல் ஓரிடத்துக்குச் சென்று சேர்ந்த மனிதனின் முகத்தில், குழந்தைப் பருவத்துக்குப் பின் அநேகமாக நாம் பார்க்காத ஒரு தெளிவு தோன்றுகிறது.

அவர்கள் தமக்குள் பற்பல சிறப்புகளையும் ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பேருந்தும் ரயிலும் மட்டுமே கொண்டு சேர்ந்தவர், மின்கலத்தால் இயங்கும் எந்தக் கருவியும் இல்லாமல் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தவர், தம் கட்டத்தைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களிலும் புள்ளிகளை எட்டியவர், இதுவரை எவரும் எட்டாத கட்டத்தில் முதன்முதலாகக் கால் வைத்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. இவை விளையாட்டின் சுவைக்கு. நான் பெரிதும் மதிப்பது வேறொன்று: எட்ட முடியாமற் போன பயணங்களையும் அவர்கள் எழுதிவைக்கிறார்கள். வேலி குறுக்கிட்டது, வெள்ளம் வந்தது, இருட்டிவிட்டது, நிலத்துக்குரியவர் அனுமதிக்கவில்லை என்று காரணம் குறித்து, தோல்வியைத் தோல்வியென்றே பதிவு செய்கிறார்கள். வேலியைத் தாண்டிக் குதித்து எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வது அவர்களிடையே கௌரவமாகக் கருதப்படுவதில்லை. கூடாத சோதனைகளை மறைத்து, கூடியவற்றை மட்டும் வெளியிடும் வழக்கம் விஞ்ஞான உலகத்திலேயே மலிந்திருக்கும் இக்காலத்தில், ஒரு பொழுதுபோக்குக் கூட்டத்தார் இந்த ஒழுக்கத்தைக் காத்துவருவது போற்றத்தக்கது.

தோல்விக்கு முதற் காரணம் நீர். பூமியின் மேற்பரப்பில் 71 விழுக்காடு கடல் என்று பள்ளியில் படித்ததை இவர்களைப் போல் உடம்பால் உணர்ந்தவர் சிலரே. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் இருப்பவரின் கட்டம் வடக்கு 13, கிழக்கு 80. அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வங்காள விரிகுடா. எஞ்சிய நிலத்திலும் பழவேற்காட்டு ஏரி ஒரு பகுதியைக் கொண்டுவிடுகிறது. ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதே கட்டத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே புள்ளி விழுந்தால் அன்றைக்கு வீட்டில் இருப்பதே முறை. திருவான்மியூருக்குக் குடிபெயர்ந்தால் கட்டம் 12 ஆகிவிடும். அங்கும் பாதிக்கு மேல் கடலே. கோயம்புத்தூர்வாசிகளோ பாக்கியசாலிகள். 11-ம் 77-ம் அந்நகரத்துக்குள் சந்திப்பதால் உக்கடம் ஒரு கட்டத்திலும், காந்திபுரம் மற்றொன்றிலும், விமான நிலையம் மூன்றாவதிலுமாக நகரம் நான்கு கட்டங்களின் மூலையில் அமர்ந்திருக்கிறது. ஒரு நாளின் நான்கு புள்ளிகளில் ஒன்று பாலக்காட்டுப் பக்கம் மேற்கே விழுந்தாலும் மற்றொன்று ஈரோட்டுப் பக்கம் கிழக்கே விழும். பின்னம் எல்லாக் கட்டங்களுக்கும் பொது என்பதால் புள்ளிகள் பூமியின் மேல் கோலப் புள்ளிகளைப் போல் வரிசையாக அமைகின்றன; அதனால் இந்தியாவில் எங்கு வாழ்பவருக்கும் ஏதேனும் ஒரு புள்ளி ஏறத்தாழ 78 கிலோமீட்டருக்குள் நாள்தோறும் இருந்தே தீரும். அது தரையில் இருக்கும் என்பதற்குத்தான் உறுதியில்லை.

மற்றொரு தடையை நம்மவர்கள் கவனமாக எண்ண வேண்டும். ஐரோப்பாவின் சில நாடுகளில் பிறர் காட்டிலும் புல்வெளியிலும் தீங்கின்றி நடந்து செல்லும் உரிமையை வழக்கமும் சட்டமும் அளிக்கின்றன. நம் நாட்டில் வயல் வரப்பில் முன்பின் அறியாத ஒருவர் கையில் கருவியுடன் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால், நிலத்தை எடுக்க வந்த அளவைக்காரர் என்றோ மனை போட வந்த தரகர் என்றோ குடியானவர் ஐயுறுவார். அந்த ஐயம் அனுபவத்தில் பிறந்தது, நியாயமானது. அவரிடம் போய், ‘ஐயா, கணக்குப் போட்டதில் உங்கள் வயலில் ஓரிடம் வந்திருக்கிறது, பார்த்துவிட்டுப் போகிறேன்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லி அனுமதி கேட்பதே முறை. அவர் மறுத்தால் திரும்பிவிட வேண்டும். அனுமதித்தால், இறைவனைத் தரிசிக்கவோ ஓட்டுக் கேட்கவோ பண்டம் வாங்கவோ அல்லாமல் அவருடைய நிலத்தைப் பார்ப்பதற்கென்றே வந்த விருந்தாளியாக அன்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம்.

இந்தப் பொழுதுபோக்கின் வேறொரு கிளை 2020-ஆம் ஆண்டில் தழைத்தது. ‘ராண்டோநாட்டிகா’ என்னும் கைப்பேசிச் செயலி, மனத்தில் ஓர் எண்ணத்தை நிறுத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினால் அருகில் ஓரிடத்தைத் தற்செயலாகக் காட்டியது; அந்த எண்ணம் எண்களை ஈர்த்து, எண்ணத்துக்கேற்ற பொருளிடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது அதன் பிரசாரம். ஊரடங்குக் காலத்தில் இளைஞர்கள் பெருந்திரளாக அதை நாடினார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சியாட்டில் நகரக் கடலோரத்தில் அது காட்டிய இடத்துக்குச் சென்ற சில இளைஞர்கள், பெட்டியொன்றில் மனித உடலின் பாகங்களைக் காண நேர்ந்த கொடிய சம்பவம் உலகெங்கும் பரவி, செயலிக்கு அமானுஷ்ய சக்தி உண்டென்ற நம்பிக்கையை வளர்த்தது. எத்தனையோ பேர் சென்று புல்லையும் குப்பைத்தொட்டியையும் பார்த்துத் திரும்பியது செய்தியாகவில்லை. மனத்தால் யந்திர எண்களை அசைக்க முடியுமா என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 2007 வரை ஆராய்ந்து பார்த்தார்கள். அங்கே கண்டதாகச் சொன்ன மிகச் சிறிய விளைவுகள் வேறிடங்களில் நிலைபெறவில்லை. நான் அந்தச் செயலியைக் குறைகூறுவது அதன் மூடநம்பிக்கைக்காக மட்டுமன்று. அது தரும் இடம் கேட்டவருக்கு மட்டுமே உரியது. வேறொருவர் அதை மீண்டும் கணித்துச் சரிபார்க்க வழியில்லை. எனக்கென்று விதி ஏதோ வைத்திருக்கிறது என்று எண்ணிச் செல்பவர் அந்த இடத்தில் தம்மையே தேடுகிறார், நிலத்தைப் பார்ப்பதில்லை. மன்ரோவின் தற்செயல் பொதுச்சொத்து. தேதியும் சந்தைத் தொகையும் தெரிந்த எவரும், எந்த நாட்டிலிருந்தும், பல்லாண்டுகளுக்குப் பிறகும் அதே கணக்கைப் போட்டு அதே புள்ளியை அடையலாம். பொய் சொல்ல இடமில்லை, எனக்கு மட்டும் என்று உரிமை கொண்டாடவும் இடமில்லை.

பொதுவாக இருப்பதால்தான் அங்கே அந்நியர் சந்திக்க முடிகிறது. மன்ரோ ஜியோஹாஷிங்கை வெளியிட்டதற்கு முந்திய ஆண்டிலேயே அத்தகைய சந்திப்பின் சுவையை அறிந்திருந்தார். தாம் வரைந்த ஒரு சித்திரத்தில் ஒரு தேதியையும் ஓரிடத்தின் எண்களையும் எழுதிவைக்க, 2007 செப்டம்பர் 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரப் பூங்கா ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் வந்து கூடிவிட்டார்கள். தினந்தோறும் உலகின் ஒவ்வொரு கட்டத்திலும் அப்படியொரு கூட்டம் கூடும் என்பது அடுத்த ஆண்டின் கனவாக இருந்திருக்க வேண்டும். அது பெருமளவில் நிறைவேறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனி போன்ற சில நாடுகளில் இப்பழக்கம் நன்கு வேரூன்றியபோதிலும், பல பயணங்களில் புள்ளியை அடைந்தவர் அங்கே தம்மையன்றி எவரையும் காணவில்லை. ஆயினும் கூட்டத்துக்காக வகுத்த முறை தனி மனிதருக்கும் போதுமானதாயிற்று. தாம் நிற்கும் இடத்துக்கு அன்று வேறொருவரும் வந்திருக்கலாம், வராமல் போயிருக்கலாம், ஆனால் அழைப்பு அனைவருக்கும் சமமாகவே விடுக்கப்பட்டது என்னும் நினைவு தனிமையின் தன்மையையே மாற்றிவிடுகிறது.

நம் பல்கலைக்கழகங்களின் புவியியல் துறையினருக்கு ஒரு விண்ணப்பம். மாணவர்களை ஆண்டுதோறும் ஊட்டிக்கும் ஒகேனக்கலுக்கும் அழைத்துச் செல்லும் பிரயாணங்களில் ஒன்றையேனும் இம்முறையில் கிடைக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிலத்துக்குரியவரின் அனுமதி பெற்று, அங்கே என்ன மண், என்ன பயிர், எவ்வளவு ஆழத்தில் நீர், அந்த இடத்துக்கு ஊரார் வழங்கும் பெயர் என்ன என்று எழுதிவரச் செய்யுங்கள். பத்தாண்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கையேடு சேரும். தனியாகச் செல்ல விரும்பும் வாசகருக்கோ எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டியதில்லை. சந்தை திறக்கும் நாளாக இருந்தால் இன்று இரவு எட்டு மணிக்குள் நியூயார்க்கின் தொகை வெளிவந்துவிடும்; நாளைக்குரிய இடம் அப்போதே நிர்ணயமாகிவிடும்.